எந்தப் பொன்னி?

கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். அதுவரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். முந்திக்கொண்டு பதில் சொல்கிறவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தண்ணி காட்டும்.

பொள்ளாச்சியில் பூங்கோதை அம்மாளின் பங்களாவில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே வேலைக்கு வருகிற பெண் யாராக இருந்தாலும் அவளுக்குப் பெயர் பொன்னி. அம்மாள் கல்யாணமாகி வந்தபோது அங்கே வேலை பார்த்தவள் ஒரு பொன்னி. அவளுக்குப் பிறகு ஆட்கள்தான் மாறினார்கள், பெயர் மாறவில்லை. "வர்றவ போறவ பேரையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கறதுதான் எனக்கு வேலையா?" என்பாள் அம்மாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறதோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்மாளுக்கு வயதாகிப் பக்கவாதத்தில் ஒரு கையும் ஒரு காலும் விழுந்தன. சர்க்கரை நோய் வேறு. காலையும் மாலையும் ஊசி போட வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில். பார்த்துக்கொள்ள துளசிமணி என்ற பெண் வந்து சேர்ந்தாள். வந்த அன்றே அவளும் பொன்னி ஆனாள்.

துளசிமணி சம்பளத்துக்கு வந்தவள் அல்ல, பழி தீர்க்க வந்தவள். அவள் அம்மா மாராத்தாள் இதே வீட்டில் பதினொரு வருஷம் பாத்திரம் தேய்த்தவள். ஒரு நாள் வைரத் தோடு ஒன்று காணவில்லை. தெருவே வேடிக்கை பார்க்க, மாராத்தாளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, முந்தானையை உதறச் சொல்லி, 'திருடி' என்று துரத்திவிட்டார்கள். அப்புறம் ஊரில் ஒரு வீடும் அவளுக்குக் கதவு திறக்கவில்லை. "நான் எடுக்கலை, நான் எடுக்கலை" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷத்தில் செத்துப்போனாள். அந்தக் குரல்தான் துளசிமணியை அங்கே கொண்டுவந்து விட்டது.

எட்டாம் நாள் காலை. துளசிமணி ஊசியில் மருந்தை அளவுக்கு மீறி ஏற்றினாள். கிழவி எதற்காகச் சாகிறோம் என்று தெரிந்து சாக வேண்டும். அதுதான் அவளுடைய வைராக்கியம். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள்.

"அம்மா, நான் மாராத்தா மகளுங்க."

"மாராத்தாளா? அது ஆரு?"

"பதினொரு வருசம் இங்க வேலை செஞ்சவங்க. திருடின்னு சொல்லித் தொரத்துனீங்களே!"

அம்மாள் நெற்றியைச் சுருக்கினாள். நடிப்பு இல்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"எந்தப் பொன்னி? வெள்ளிக் கிண்ணத்துக்குப் போனவளா, தோட்டுக்குப் போனவளா?"

அடக் கடவுளே! இத்தனை வருஷம் துளசிமணி நெஞ்சில் நெருப்பாக வைத்திருந்த பெயர் அந்தக் கிழவியின் மனசில் இல்லவே இல்லை.

"தோட்டுக்கு" என்றாள் துளசிமணி.

"அது பீரோவுக்குப் பின்னாலயே கெடந்துச்சே. அப்பறமா எடுத்தேன்."

"அப்ப ஏனுங்க சொல்லியனுப்பலை?"

"வேலைக்காரிகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கறதா? நல்லாக் கேட்டே போ!"

இப்போது குத்தினால், மாராத்தாள் என்ற பெயர் மனசில் பதியாமலே இவள் போய்விடுவாள். துளசிமணி ஊசியை வாஷ்பேசினில் காலி செய்தாள். சரியான அளவு ஏற்றிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இனிமே பொன்னின்னா வரமாட்டனுங்க. மாராத்தான்னு கூப்பிடுங்க."

அன்று மத்தியானம்வரை "பொன்னி, பொன்னி" என்று கத்தினாள் அம்மாள். துளசிமணி அதே அறையில் உட்கார்ந்திருந்தாள், அசையவில்லை. நாக்கு வறண்ட பிறகு, "மாராத்தா, தண்ணி" என்று முதல் குரல் வந்தது. உடனே எழுந்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதன்பின் ஒரு வருஷம். தண்ணீருக்கு, மருந்துக்கு, புரண்டு படுக்க, ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பெயர்! துளசிமணியும் பணிவிடையில் குறை வைக்கவில்லை. கிழவியின் முதுகில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஆருங்க அந்த மாராத்தா?" என்று கேட்டாள். அம்மாள், "நான் திருடின்னு சொன்னவ. அவ எடுக்கலை" என்றாள். எத்தனையோ பழிவாங்கல் கேட்டிருக்கிறேன். அடி இல்லாமல், ரத்தம் இல்லாமல் இப்படி ஒன்று கேட்டதில்லை. சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

கடைசி நாள் வந்தது. அம்மாளுக்கு நினைவு தடுமாறிவிட்டது. துளசிமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன மாராத்தாளே பக்கத்தில் நிற்கிறாள் என்று நம்பிப் பேசினாள்.

"மாராத்தா, தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சொன்னாத்தான் இந்த உசுரு நிம்மதியாப் போகும்."

இப்போது சொல்லுங்கள். 'மன்னித்தேன்' என்றால், அம்மா கொடுக்காத மன்னிப்பை மகள் எடுத்துக் கொடுத்ததாகும். 'நான் மாராத்தாள் இல்லை' என்று மட்டும் சொல்லி விலகினால், அந்தப் பெயரை ஒரு வருஷம் சுமந்தவள் இவளேதான். பேசாமல் நின்றாலோ, சாகிறவளின் கேள்வி அப்படியே தொங்கும். இந்த மூன்றில் எது சரி? துளசிமணி என்னதான் சொல்லியிருக்க வேண்டும்?

விடை: மூன்றுமே இல்லை. துளசிமணி குனிந்து காதோடு சொன்னாள்: "நான் அவங்க மகளுங்க. மன்னிக்கறதும் மன்னிக்காததும் எங்கம்மா இஷ்டம். போற எடத்துல நீங்களே கேளுங்க. பொன்னின்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இப்பத்தான் உங்களுக்குப் பேரு தெரியுமே." அவள் பொய்யும் சொல்லவில்லை, அம்மாவின் உரிமையைத் தானம் செய்யவும் இல்லை. பூங்கோதை அம்மாள் "மாராத்தா, மாராத்தா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள்.