பதினேழு வந்துருச்சுங்க

மேட்டுப்பாளையம் சிமெண்ட் வியாபாரி சென்னியப்பனுக்கு, பிக்கப் வண்டி வாங்கியதிலிருந்து ஒரே பாட்டுத்தான். "லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர்னு கம்பெனிக்காரன் சொல்றான். உனக்கு மட்டும் பத்துத்தான் வருதா? டீசல் திருடுறயாடா? நாளைக்குப் பதினேழு வரல, வேலையை விட்டுப் போயிரு!"

அளவுக்கு மீறிய லோடோடு தினமும் கோத்தகிரி மலை ஏறும் டிரைவர் ராக்கியப்பனுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வந்து நின்றான். "பதினேழு வந்துருச்சுங்க மொதலாளி."

"பாத்தியா, மிரட்டினாத்தானே வழிக்கு வர்றே! சிமெண்ட்டை எறக்கிட்டியா?"

"கம்பெனிக்காரன் சிமெண்ட் ஏத்திக்கிட்டா ஓட்டிப் பாத்தான்? மூட்டையெல்லாம் குடோன்லயே இருக்குதுங்க. வெறும் வண்டியை மேடே இல்லாத அன்னூர் ரோட்டுல மெதுவா உருட்டிட்டு வர்றேன்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கோத்தகிரி கடைக்காரர், சிமெண்ட் ஏன் வரவில்லை என்று கத்தினார். சென்னியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இவருக்கு என்னடா சொல்றது?" என்றார்.

"மைலேஜ் வந்துருச்சுன்னு சொல்லுங்க மொதலாளி."