ஐந்து வீட்டுக்கு ஒரு தாழ்ப்பாள்

எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் அது எதிராளிக்குச் சாதகமாகிவிடும்.

முதல் அநீதி: மில் நிர்வாகம் ஐந்தாம் லைனில் தொழிலாளர்களுக்கு ஐந்து வீடு கட்டி, ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறை கட்டியது. இரண்டாவது: அந்தக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் மூன்றாம் மாதமே கழன்று விழுந்தது. மனுக் கொடுத்தோம். மனு கிடைத்தது என்று பதில் வந்தது. மூன்றாவது: ஒரு தச்சரை அனுப்பினார்கள். விழுந்த தாழ்ப்பாளை மாதிரிக்கு என்று எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. நான்காவது: ஒருநாள் அடையாள உண்ணாவிரதம் இருந்தோம். ஓர் அதிகாரி வந்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்து முடித்துவைத்தார். உப்பும் சர்க்கரையும் அவ்வளவு பொருத்தமாக இருந்ததில் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டோம். அதையும் அவர்கள் சூழ்ச்சி என்றே சொல்வேன். ஐந்தாவதுதான் கொடியது. "சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்போரே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். கோரிக்கை இருக்கிறது, அதை வைப்பதற்கு ஆள் இல்லை. நாற்பது வருடம் போராடியவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

தாழ்ப்பாள் போன பிறகு லைனில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. உள்ளே குளிப்பவர் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது என்று பொருள். கேட்காவிட்டால் காலி, கதவைத் தள்ளலாம். சங்கத் தலைவர் ஆறுச்சாமிக்குப் பாட்டு வராது, கோஷம்தான் போடுவார். பழக்கத்தில் லைன் முழுக்க அவரவர் வீட்டிலிருந்து பதில் கோஷம் கிளம்பிவிடும். துணைத் தலைவர் கிட்டுச்சாமி வாய்ப்பாடு சொல்வார். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு வந்துவிட்டார் என்றால் முதுகு தேய்க்கிறார் என்று நாங்களே தெரிந்துகொள்வோம். ராக்கியப்பன் விசில் அடிப்பார். செயலாளராகிய நான் என் பழைய துண்டறிக்கைகளை ஒப்பிப்பேன். மூன்றாம் வீட்டு நஞ்சக்காளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தாலாட்டு. அவர் காலை ஏழு மணிக்குக் குளித்தால் லைனில் பாதிப் பேர் மறுபடி படுத்துவிடுவார்கள்.

அந்த நஞ்சக்காள்தான் ஒருநாள் சங்கக் கூட்டத்தில் எழுந்தார்.

"வார ஞாயித்துக்கிழமை பதனோரு மணிக்கு என்ற புள்ள வசந்தாமணியப் பாக்க மாப்ள ஊட்டுக்காரங்க வாராங்க. அன்னைக்கும் நான் உள்ள நின்னு ஆராரோ பாடோணுமா? கல்யாணமாகாத புள்ள இருக்கற ஊட்டுல எந்தக் கொழந்தைக்குத் தாலாட்டுன்னு கேப்பாங்களா, மாட்டாங்களா?"

தலைவர் ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார்.

"இனி யாரையும் கேக்கறதில்லீங்க. நம்ம கையாலயே தாழ்ப்பா மாட்டறோம்."

"இது யாரை எதுத்துங்க தலைவரே?" என்றார் கிட்டுச்சாமி.

"யாரையும் எதுக்கலீங்க. சும்மா மாட்டறோம்."

"எதுக்காம எப்படீங்க தீர்மானம் எழுதறது?"

அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு, கதவை எதிர்த்து என்று எழுதிக்கொண்டோம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. தாழ்ப்பாள் வந்த அட்டையில் நான்கு விதிகள் அச்சிட்டிருந்தன. நான் உரக்கப் படித்தேன். அச்சில் வந்ததை மீறும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

முதல் விதி, கதவை மூடிக் குறி போடவும் என்றது. தாழ்ப்பாள் உட்புறம் வர வேண்டியது. எனவே ஆண்கள் நால்வரும் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

"ஒண்ணுமே தெரியலீங்களே," என்றது கிட்டுச்சாமியின் குரல்.

"தெரியோணும்னு போட்டிருக்குதா?" என்றார் தலைவர்.

போட்டிருக்கவில்லை. கிட்டுச்சாமி பென்சிலால் தடவித் தடவிக் குறி போட்டார். வெளியே வந்து பார்த்தால் குறி ராக்கியப்பன் சட்டை முதுகில் இருந்தது.

இரண்டாம் விதி, குறி போட்ட இடத்தில் துளையிடவும் என்றது. ராக்கியப்பன் அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியவர் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

"எனக்கு இதுல உடன்பாடு இல்லீங்க."

உறுப்பினரின் முதுகில் துளையிட சங்க விதியில் இடமில்லை என்று நானும் எடுத்துச் சொன்னேன். கடைசியில் ராக்கியப்பன் கதவில் முதுகை ஒட்டி நின்றார். அவர் தோளுக்குப் பக்கத்தில் உத்தேசமாகத் துளையிட்டோம். இடம் மிகச் சரியாக அமைந்தது.

மூன்றாம் விதி, ஒருவர் கதவை அசையாமல் பிடித்துக்கொள்ளவும் என்றது. ராக்கியப்பன் பிடித்துக்கொண்டார். எப்போது விடலாம் என்று அட்டையில் இல்லை. எனவே அவர் விடவில்லை.

நான்காம் விதி: துருப்பிடிக்காமல் இருக்க ஈரக்கையால் இயக்க வேண்டாம்.

"நல்ல விதி," என்றார் தலைவர். எல்லோரும் தலையசைத்தோம்.

கடைசித் திருகு இறங்கியதும் தலைவர் தாழ்ப்பாளைத் தள்ளினார். டக். பிறகு நான் தள்ளினேன். டக். கிட்டுச்சாமி ஆறு தடவை தள்ளினார். எத்தனையோ ஊர்வலம் போயிருக்கிறேன், சிறைக்கும் போயிருக்கிறேன். எதுவும் இப்படி டக்கென்று முடிந்ததில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிட்டுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இடத்திலேயே தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தாழ்ப்பாள் கிடைத்துவிட்டதால் இனி குளியலறைக்குள் எவரும் வாய் திறக்கக் கூடாது. ஒருமனதாக நிறைவேறியது.

நஞ்சக்காள் வாளி, சோப்பு டப்பா, துண்டு சகிதம் வந்து நின்றார். "மணி ஒம்போதுங்க. நான் தண்ணி வாத்துக்கட்டுமா?"

"தெறப்பு விழா முடியட்டுமுங்க அக்கா," என்று சொல்லிவிட்டுத் தலைவர் ஆறுச்சாமி உள்ளே போனார். டக். நாங்கள் கைதட்டினோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் சிறிது நேரம் கேட்டது. பிறகு நின்றது.

ஒன்பதரை. சத்தம் இல்லை. பத்து. சத்தமே இல்லை. நஞ்சக்காள் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

"பாட்டு வருதுங்களா?" என்றார் கிட்டுச்சாமி.

"வரலை," என்றேன்.

"அப்ப உள்ள ஆளில்லை. ஆளில்லாமயே தாழ்ப்பா விழுந்துக்கிச்சு. சரக்கு மோசமுங்க."

"ஐயோ சாமி!" என்றார் நஞ்சக்காள். "தலைவரு உள்ளதான இருக்காரு! நீங்கதான கைதட்டி அனுப்புனீங்க!"

"போனாரு, இல்லீங்கல. வந்திருப்பாரு. இருந்தா கோஷம் கேக்குமில்லீங்க?"

"வாயத் தெறக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டதே அவருதானே!"

"அக்கா, உணர்ச்சிவசப்படாதீங்க. பதிவேடு சொல்லட்டும்," என்று நான் வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி, அரை மணி முன்னதாகவே. மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா பழனாத்தாள். மூவர் தலையிலும் சாலைப் புழுதி. நஞ்சக்காள் எண்ணெய் வடியும் முகத்தோடு வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"வாங்கோ, வாங்கோ," என்றேன். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. சாட்சிக்கு ஆளில்லாம இருந்தோம்."

மூவரையும் வரிசையாக நிற்கவைத்துப் பெயர்களைப் படித்தேன். கிட்டுச்சாமி, ஆஜர். ராக்கியப்பன், கதவைப் பிடித்தபடியே ஆஜர். நஞ்சக்காள் பதில் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் தெரிந்ததால் ஆஜர் என்று நானே போட்டுக்கொண்டேன். செயலாளர், ஆஜர்.

"ஆறுச்சாமி!"

"ஆஜர்!" என்று கணீரென்று பதில் வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் கிட்டுச்சாமி. "அஞ்சு பேரும் இருக்கறோம். உள்ள யாருமில்லை."

பழனாத்தாள் ஓரடி முன்னே வந்தார். "ஏனுங்க, அந்தக் கொரலு கதவுக்கு உள்ள இருந்துதான வந்துச்சு?"

"எங்கிருந்து வந்ததுன்னு எழுத இதுல இடமில்லீங்க அம்மா," என்று பதிவேட்டைக் காட்டினேன். அவர் பார்த்தார். இல்லைதான்.

காலி அறையைத் திறக்க ஒரே வழி கீலைக் கழற்றுவது. அதையும் எங்கள் கையாலேயே செய்தோம். பத்தே நிமிடம். ஒரே நாளில் இரண்டாவது வெற்றி. ராக்கியப்பன் கதவை விடாமல் பிடித்திருந்ததால் கதவு கீழே விழவும் இல்லை. அட்டையில் விதி எழுதியவர் விவரம் தெரிந்தவர்.

உள்ளே தலைவர் ஆறுச்சாமி ஈர வேட்டியோடு, இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் காயலீங்க," என்றார்.

"துண்டுல தொடைக்கறதுக்கென்ன?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"துண்டும் வாளிக்குள்ள விழுந்துருச்சுங்க. அதும் காயோணுமில்ல?"

நஞ்சக்காள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "பாட்டு வேண்டாம்னு தாழ்ப்பாக் கேட்டேன். இப்பக் கதவே போச்சு. இந்தக் கோலத்துல எப்படீங்க நான் உங்களுக்கு வெத்தல பாக்குத் தட்ட நீட்டுவேன்?"

வழி கண்டுபிடித்தவர் கிட்டுச்சாமி. வாசலில் கதவை நிறுத்தி ராக்கியப்பன் தெருவைப் பார்த்தபடி பிடித்துக்கொள்வது. உள்ளே ஆள் இருப்பது ஊருக்குத் தெரிய, பாட்டுக்குப் பதிலாக நிமிடத்துக்கு ஒரு முறை நான் பெயரைப் படிப்பது.

நஞ்சக்காள் உள்ளே போனார்.

"நஞ்சக்காள்!"

"ஆஜருங்க!"

பதினெட்டு முறை படித்தேன். ஒரு ஆராரோ கூட வெளியே வரவில்லை. நஞ்சக்காள் மஞ்சள் பூசிய முகத்தோடு வெளியே வந்தபோது, அவர் குளித்ததற்கு என் கையெழுத்தும் கிட்டுச்சாமி கையெழுத்தும் விருந்தாளிகள் இருவர் கையெழுத்தும் இருந்தன. பழனாத்தாள் கையெழுத்துப் போடவில்லை. அவர் சேலை முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். பெண் வீட்டாரின் கட்டுப்பாட்டைக் கண்டு நெகிழ்ந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நஞ்சக்காள் கையிலிருந்த வாளியை வாங்கினார். "ரெண்டு பஸ்ஸு மாறி வந்த புழுதி. அடுத்து நான் வாத்துக்கறனுங்க. என்ற பேரையும் எழுதிக்குங்க."

"மன்னிக்கோணும்," என்றேன். "லைன்ல குடியிருக்கறவங்க, அவங்க ஒறவுக்காரங்க, இவங்க பேரை மட்டுந்தான் இதுல எழுத முடியும்."

"அவ்வளவுதான? அப்ப வசந்தாமணிக்கு மாமியான்னு எழுதுங்க."

நஞ்சக்காள் சோப்பு டப்பாவைக் கீழே போட்டார். வீட்டுக்குள்ளிருந்து வசந்தாமணி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துச் சிரித்தார். நான் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு எழுதினேன்.

பழனாத்தாள் கதவுக்குப் பின்னால் போனார். ராக்கியப்பன் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எந்தச் சுவரோடும் சேராமல் அவர் கையில் நின்ற கதவில், பழனாத்தாள் காய்ந்த கையால் தாழ்ப்பாளைப் போட்டார். டக். இனி யாரும் உள்ளே நுழைய முடியாது என்று எங்களுக்கு நிம்மதி ஆயிற்று.

தலைவர் ஆறுச்சாமி கைகளை இன்னும் இறக்காமல் வெயிலில் நின்றார். மற்ற சாட்சிகள் வரிசைக்கு வந்தார்கள். நான் பதிவேட்டை விரித்து உரக்கப் படித்தேன்:

"ஐந்தாம் லைன், மூன்றாம் வீடு, வசந்தாமணியின் மாமியார், பழனாத்தாள்!"