நீராட்டிய சுவடி

மலைக்கு ஓர் அரசன், ஆற்றுக்கு ஓர் அரசன் என்று நாடுகள் சின்னஞ்சிறியவையாக இருந்த காலம். அப்போது வெண்குறுச்சி என்று ஓர் ஊர். அங்கே ஒரு கோயில், கோயிலுக்குள் ஒரு பேழை, பேழைக்குள் பட்டில் சுற்றிய ஓர் ஓலைச்சுவடி. கடவுளை நேரில் கண்டவர் கைப்பட எழுதிய மறைநூல் அது என்பார்கள்.

சுவடியை அந்த ஊர் எப்படிப் போற்றியது தெரியுமா? கலைமகள் விழா வந்தால் ஊரே கூடும். சுவடிக் கட்டைப் பிரிக்காமல், முடிச்சை அவிழ்க்காமல், அப்படியே பாலில் நீராட்டுவார்கள். பிறகு மஞ்சள் நீர், அதன் பிறகு பன்னீர். நிழலில் உலர்த்திச் சந்தனம் பூசி மறுபடி பேழையில் வைத்துவிடுவார்கள். படிப்பதா? அதை மட்டும் யாரும் செய்யவில்லை. அந்த நூலிலிருந்து மூன்று பாட்டு ஊருக்கு மனப்பாடம். அது போதும் என்றிருந்தார்கள்.

அந்த ஊரில் செம்பாயி என்று ஒருத்தி செக்காட்டிப் பிழைத்தாள். அவளுடைய சின்ன மகளுக்குக் கண் மங்கியபோது, "பார்வை திரும்பட்டும், சாமி. உன் முன்னால் என் கையால் ஒரு விளக்கேற்றுகிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். பார்வை திரும்பியது. விளக்கோடு கோயிலுக்குப் போனாள். கோயிலை நடத்தும் மடத்தார் வாசலிலேயே மறித்தார்கள்.

"செக்காட்டும் கை ஏற்றிய விளக்கு உள்ளே வரக்கூடாது. சுவடியில் இருக்கிறது."

அடுத்த ஆண்டும் போனாள். சுவடியில் இருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த ஆண்டும் அதே பதில். இந்த முறை விளக்கை வாசலிலேயே ஏற்றி, காற்றுக்கு மறைப்பாகவும் கண்மைக்குக் கரி பிடிக்கவும் ஓர் ஓட்டாஞ்சில்லை மேலே கவிழ்த்துவிட்டு, நேரே அரசன் வேங்கைமாறனிடம் போனாள்.

"சாமிக்குக் கொடுத்த வாக்கு என் தலைமேல் நிற்கிறது, ராசா. அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்லுங்கள். இருந்தால் வாயை மூடிக்கொண்டு போகிறேன்."

அரசன் உடனே கோயிலுக்கு வந்தான், ஊரும் பின்னால் திரண்டது. மடத்தின் தலைமைத் தம்பிரானைக் கேட்டான்: "நீங்கள் படித்தீர்களா?"

"என் குரு சொன்னார்."

"அவர் படித்தாரா?"

"அவருக்கு அவர் குரு சொன்னார்."

"அவராவது படித்தாரா?"

தம்பிரான் பேழைப் பக்கம் திரும்பினார். பேழை திறந்தது.

முடிச்சை அவிழ்த்தார்கள். முதல் ஏட்டைப் பிரித்தார்கள். வெறுமை. இரண்டாம் ஏடு, வெறுமை. மூன்றாம் ஏட்டில் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. மற்றபடி அதுவும் வெறுமை.

"அடப்பாவமே! இத்தனை காலமும் பனைமரத்துக்கா பூசை போட்டோம்?" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அமைச்சன் சட்டென்று சொன்னான்: "நூலில் எழுத்தே இல்லை என்றால் மடத்தார் சொல்வதுதான் நூல். வழக்கு முடிந்தது, அரசே."

இப்போது தம்பிரானைப் பாருங்கள். ஏடு அவர் கையில் இருக்கிறது. கட்டைவிரல் அதன்மேல் நகர்கிறது. விரலுக்கடியில் எறும்பு ஊர்வது போல ஏதோ நெருடுகிறது. எழுத்தாணி கீறிய தடம்! எழுத்து போகவில்லை. எழுத்துக்குள் பூசிய கரிதான் போயிருக்கிறது. பாலும் மஞ்சள் நீரும் பன்னீரும் ஆண்டுதோறும் கழுவிக் கழுவிக் கொண்டுபோயிருக்கின்றன.

இது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பேசாமல் சுவடியைக் கட்டிவிட்டால் போதும். அவர் சொல் சட்டமாகும், மடத்தின் மானம் நிற்கும், செம்பாயி வீட்டுக்குப் போவாள்.

ஊர் காத்திருந்தது. அரசன் காத்திருந்தான். தம்பிரான் எழுந்தார். ஏட்டை ஏந்தியபடி எல்லோரையும் கடந்து வாசலுக்கு நடந்தார். உள்ளே எரிந்த நெய்விளக்கில் கரி அதிகம் சேராது. செம்பாயியின் ஆமணக்கெண்ணெய் விளக்குக்கு மேல் கவிழ்ந்திருந்த ஓட்டாஞ்சில்லிலோ கரி கனமாகப் படிந்திருந்தது. அதை விரலால் வழித்தார்.

செம்பாயி பதறிப்போனாள். "சாமி! அது என் மகளுக்குக் கண்மை கூட்ட வைத்திருக்கும் கரி. உங்களுக்கு ஆகாதே!"

"இந்தச் சுவடிக்கும் கண் தெரியவில்லை, அம்மா. நாங்கள்தான் கழுவிக் கழுவிக் குருடாக்கிவிட்டோம்."

கரியை எண்ணெயில் குழைத்து ஏட்டில் தேய்த்தார். மேல்துணியால் துடைத்தார். வரி வரியாக எழுத்து எழுந்தது.

தம்பிரான் படித்தார். அது மழையைப் பற்றிய பாட்டு. அடுத்தது பசியைப் பற்றியது. அதற்கடுத்தது, காணாமல் போன கன்றைத் தேடும் பசுவாகக் கடவுளைப் பாடியது. மூன்று பாட்டுதான் தங்கள் நூல் என்று நினைத்திருந்த ஊர், மூச்சுவிட மறந்து கேட்டது. ஏடு புரண்டுகொண்டே இருந்தது. தடை வரவில்லை.

பொழுது சாய்ந்தது. அமைச்சன் மெல்லச் சொன்னான்: "இன்னும் பாதிச் சுவடி இருக்கிறதே. தடை அதில் இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார் தம்பிரான். ஏடுகளை எடுத்துப்போய்ச் சாமிக்கு முன்னால் விரித்தார். நெய்விளக்கின் மங்கல் ஒளியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"செம்பாயி! விளக்கை உள்ளே கொண்டு வா. அடுத்த ஏடு தெரியவில்லை."

அவள் அசையவில்லை. "சாமி, ஒருவேளை அந்த ஏட்டிலேயே தடை இருந்துவிட்டால்?"

"இருந்தால், அதைப் படிக்கவும் விளக்கு வேண்டுமே, அம்மா."

செம்பாயி விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு படியேறினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. சாமிக்கு முன்னால், ஏட்டுக்குப் பக்கத்தில், தன் கையாலேயே விளக்கை வைத்துத் திரியைத் தூண்டினாள். அந்த வெளிச்சத்தில் கடைசி ஏடு வரைக்கும் படித்தார்கள். அவர்கள் சொன்ன தடை எந்த ஏட்டிலும் இல்லை.

அதற்குப் பிறகும் கலைமகள் விழா வந்தது. அன்றைக்குச் சுவடியை யாரும் நீராட்டவில்லை. கட்டை அவிழ்த்து, கரி பூசி, உரக்கப் படித்து, புது ஓலையில் படியெடுத்தார்கள். கரிக்குச் செம்பாயி வீட்டு விளக்கு.

கேட்டவர்கள் இதை மனத்தில் வையுங்கள்: வணங்கும் நூலை வாசிக்காமல் வைத்திருப்பவர், அதைக் காப்பதாக எண்ணிக்கொண்டே அழித்துவிடுவார்.