உரியாத சரக்கு

"என் கையில என்னம்மா கொறை? ஊரெல்லாம் நான் ஒட்டுனது அப்படியே நிக்கி. எம் மவ கடையில ஒட்டுனது மட்டும் நிக்க மாட்டேங்கு."

உலகநாதன் பாளையங்கோட்டையில பஸ்ஸை விட்டு இறங்கி, ஜெபக்கனி கடைப் படியேறினதும் கேட்டது இதுதான். நல்லாயிருக்கியான்னு ஒரு வார்த்தை கிடையாது.

அவருக்குச் சங்கரன்கோவில்ல போர்டு கடை. ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர், கடைகளுக்குப் பேர்ப்பலகை, எல்லாம் ஒத்தையாளாத்தான். பொஞ்சாதி போய்ச் சேந்த பொறவு வீட்டுக்குப் போறதையே விட்டுட்டாரு. பிரிண்டிங் மிஷினுக்குப் பக்கத்துலயே பாயை விரிச்சுப் படுத்துக்கிடுவாரு. மிஷின் ஓடுனா ஒரு சத்தம் இருக்குல்லா, அதுக்குத்தான்.

ஜெபக்கனிக்கு அவரைவிட இருபது வயசு கம்மி இருக்கும். போர்டு கடைக்காரங்களுக்கு ஸ்டிக்கர் வினைல், மை, மேல மூடுற லேமினேஷன் சுருள் எல்லாம் விக்கிறவ. அது பாதி வேலை. மீதி வேலை, கெட்டுப்போன ஸ்டிக்கரைச் சுருட்டிக்கிட்டு வர்றவங்களுக்குச் சீக்கு என்னன்னு சொல்லுறது. அதனால சுத்துப்பட்டுல அவளுக்கு டாக்டரம்மான்னு பேரு. பீஸ் கிடையாது. பேச்சும் ரொம்பக் கிடையாது.

"மவ எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"தென்காசியில. தையக்கடை வச்சிருக்கா. மாப்பிள்ளை சவுதியில. அவளும் ஒத்தையாத்தான் கெடக்கா. கடைக் கண்ணாடிக் கதவுல பேரு ஒட்டிக் குடுத்தேன்."

"கொண்டாங்க."

சுருளை விரிச்சாரு. 'செல்வி தையலகம்'னு கொட்டை எழுத்து, பக்கத்துல ஒரு ரவிக்கைப் படம். மேல போட்ட லேமினேஷன் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமா எழும்பியிருந்துச்சு.

ஜெபக்கனி அதைப் பாக்கல. மூக்குகிட்ட கொண்டு போனா. அப்புறம் அவர்கிட்ட நீட்டினா.

"மோந்து பாருங்க."

"மை வாடை அடிக்கி."

"பிரிண்ட் எடுத்து எவ்வளவு நேரத்துல லேமினேஷன் போட்டீய?"

"சூட்டோட சூடாத்தான்."

"மத்தவங்களுக்கும் இப்படித்தான் செய்வீயளா?"

"சேச்சே. மத்தவங்களுக்கு ஒரு நாள் காய விட்டுத்தான் செய்வேன். மை காயாம மூடுனா கொப்புளம் போடும்னு தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுக்கிட்டே செஞ்சிருக்கீய."

"அன்னைக்கே கொண்டுபோயிரணும்னு ஒரு இது."

"ஒரு நாள் விரிச்சுப் போடுங்க அண்ணாச்சி. சுருட்டி வைக்காதிய. வாடை போன பொறவு மூடுங்க."

"அந்த ஒரு நாளு நான் என்ன செய்ய?"

"சும்மா இருங்க."

சொல்லுறவளுக்கு என்ன, சொல்லிட்டா. சங்கரன்கோவில்ல, புதுசா அடிச்ச ஸ்டிக்கர் அவர் கடைத் தரை பூரா விரிஞ்சு கெடக்கு. பாய் விரிக்க எடமில்ல. மிஷினை ஓட்டவும் வேற வேலை இல்ல. உலகநாதன் ஸ்டூல்ல உக்காந்து மவ பேரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுகிட்ட ரெண்டொரு வார்த்தை பேசியும் பாத்தாரு. பொறவு அழுதாரு. அழுது முடிச்சு, முகத்தைக் கழுவி, டீ குடிக்கப் போனாரு.

மறுநாள் தென்காசிக்குக் கொண்டுபோயி ஒட்டினாரு. செல்வி சொதி வச்சிருந்தா. சாப்பிட்டாரு.

"இன்னைக்கு இருந்துட்டுக் காலையில போங்களேன்ப்பா."

"கடை கெடக்குல்லா."

கடையில என்ன கெடக்கு, பாய்தான் கெடக்கு. ஆனாலும் கிளம்பிட்டாரு.

கொஞ்ச நாள்ல போன் வந்துச்சு. "அப்பா, போர்டு நடுவுல பொம்முன்னு எழும்பி நிக்கி."

திரும்பவும் பாளையங்கோட்டை. ஜெபக்கனி ஸ்டிக்கரைக் கவுத்துப் போட்டுப் பாத்தா. பசையில பொடிப் பொடியா நூலும் தூசியும்.

"கண்ணாடியை எதை வச்சுத் துடைச்சீய?"

"வேட்டி நுனியால."

ஜெபக்கனி சிரிச்சுட்டா. "ஸ்பிரிட்டு என்னாச்சு?"

"பஸ்ஸு ஏறின பொறவுதான் நெனப்பு வந்துச்சு. திரும்பிப் போனா பஸ்ஸு போயிருமே."

"அடுத்த பஸ்ஸு இல்லையா அண்ணாச்சி?"

"இருக்கு. அதுல போனா அவகூட இருக்கிற நேரம் கொறையும்லா."

ஜெபக்கனி ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சு உதிராத துணியையும் பையில வச்சுக் குடுத்தா. "துடைச்ச பொறவு வெறுங்கையால தொடாதிய. வியர்வை பட்டாலும் பிடிக்காது."

இந்தத் தடவை எல்லாம் முறையாச் செஞ்சாரு. ஒரு நாள் காயப் போட்டாரு. ஸ்பிரிட்டால துடைச்சாரு. நடுவுலேருந்து ஓரத்துக்குப் பிளாஸ்டிக் பட்டையால ஒரே சீராத் தேய்ச்சு, கொப்புளம் ஒண்ணுகூட இல்லாம இறக்கினாரு. அப்படி ஒரு வேலையை அவர் யாருக்கும் செஞ்சதில்ல. செல்வி கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நின்னா. மின்சார பில்லுலேருந்து பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் பேசினாங்க. வேலை முடிஞ்சதும் பேச்சும் முடிஞ்சு போச்சு. பஸ் ஏறிட்டாரு.

பத்து நாளுகூட ஆகல, போன்.

"அப்பா, ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கிப்பா."

உலகநாதன் தென்காசிக்குப் போயி உரிச்செடுத்துக்கிட்டு, அங்கேருந்து நேரா பாளையங்கோட்டைக்கு வந்தாரு. படியேறல. படியிலயே உக்காந்துட்டாரு.

"இனிமே பேச்சே கிடையாதும்மா. உரியவே உரியாத சரக்கு இருக்காம்லா, பிய்ச்சா கண்ணாடியோடதான் வருமாம். அதைக் குடு. என்ன விலைன்னாலும் சரி."

"அவ்வளவு என்ன அண்ணாச்சி? இது போச்சுன்னா இன்னொண்ணு."

"அவ கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஒருத்தன் புதுசா போர்டு கடை போட்டிருக்கான். அப்பா, நீங்க சிரமப்படாதிய, நான் அவன்கிட்டயே அடிச்சுக்கிடுதேன்னு அவ சொல்லிட்டா என்ன செய்ய?"

"சொல்லிச்சா?"

"சொல்லல. சொல்லிருவா."

"சொன்னா என்ன? உங்களுக்குப் பஸ் செலவு மிச்சம்."

உலகநாதனுக்குச் சட்டுன்னு கோவம் வந்துச்சு. வந்த வேகத்துல போயிருச்சு.

"பொறவு எனக்கு அங்கன போறதுக்கு என்னம்மா வேலை இருக்கு?"

ஜெபக்கனி கடைக்குள்ளேருந்து வெளிய வந்தா.

"சும்மா போயி நின்னா என்னத்தைப் பேச? பேசுறதெல்லாம் அவ அம்மாதான். நான் ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். இப்ப கையில தேய்க்கிற பட்டை இருந்தாத்தான் வாயில ரெண்டு வார்த்தை வருது. அந்தப் போர்டும் என் கையை விட்டுப் போச்சுன்னா, அவ ஒரு ஊர்ல, நான் ஒரு ஊர்ல. அவ்வளவுதான்."

ஜெபக்கனி அவர் பக்கத்துல படியில உக்காந்து சுருளை வாங்கினா. வெயில்ல விரிச்சா.

"வேலை சுத்தமா இருக்கு."

"பொறவு எதுக்குத் தூக்குது? வெயிலா?"

"வெயில்னா நாலு ஓரமும் சுருங்கும். இது கீழ ஒரு மூலைதான்."

"தண்ணியா?"

"தண்ணி எறங்கினா பசை வெளுத்திருக்கும். இது பளபளன்னு இருக்கு."

"பொறவு என்ன எழவும்மா?"

ஜெபக்கனி அந்த மூலையைப் பசைப் பக்கமாத் திருப்பிக் காட்டினா. பசையில ஒரு கட்டைவிரல் பதிஞ்சிருந்துச்சு. ரேகை ரேகையா, ரோஸ் கலர்ல.

"இது உங்க விரலா?"

"நான் மேல் ஓரத்தைப் பிடிச்சுல்லா உரிச்சேன்."

"உங்க கடையில ரோஸ் சாக்பீஸ் உண்டுமா?"

"எனக்கு எதுக்கு சாக்பீஸ்? அது துணியில கோடு போட்டு வெட்டுறதுக்கு..."

அதோட நிறுத்திட்டாரு.

அந்த விரலையே பாத்தாரு. முகம் சிவந்து போச்சு. "அவளா உரிச்சா? அப்பன் மாங்கு மாங்குன்னு செஞ்ச வேலையை அவளே நகத்தை விட்டுக் கெளப்பியிருக்கா. எம்புட்டு கொழுப்பு பாத்தியா?"

"ஓரம் தூக்கினதும் அந்தப் புள்ள என்ன செஞ்சுது?"

"எனக்குப் போன் போட்டா."

"போன் போட்டதும்?"

"நான் போனேன்."

ஜெபக்கனி சுருளைச் சுருட்டி அவர் மடியில வச்சா.

தெருவுல ஒரு ஆட்டோ போச்சு. உலகநாதனுக்கு எதையோ கேக்கணும்னு தோணுச்சு. ஆனா கேக்க வந்தது வரல, பழைய கேள்விதான் வந்துச்சு.

"அப்ப, அந்த உரியாத சரக்கு?"

"அதை ஒட்டிட்டா, அந்தப் புள்ள என்னத்தைச் சொல்லி உங்களைக் கூப்பிடும் அண்ணாச்சி?"

சொல்லிட்டு எந்திரிச்சுக் கடைக்குள்ள போயிட்டா. அவ திரும்பிப் பாக்கல.

உலகநாதன் மடியில இருந்த சுருளைப் படியில வச்சாரு. பொறவு சட்டைப்பையிலேருந்து போனை எடுத்தாரு. அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு.

"சொல்லுங்கப்பா. அடுத்த போர்டு அடிச்சாச்சா?"

"அடிக்கல. போர்டு இல்லாமத்தான் வாரேன்."

தையல் மிஷின் நின்னு போச்சு.

"சாப்பிட்டுட்டு வந்துராதியப்பா."