இரண்டாம் பாகம்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அம்பலவாணரை எல்லோரும் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு அங்கே வந்து தங்கிவிட்டவர். குரு யோகாம்பாள் அம்மையாரைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் வாய் நிறைய அம்மா என்றே அழைப்பார்.

ஆசிரமத்துக்கு என்று ஒரு மூலநூல் உண்டு. சின்னப் புத்தகம். புலவருக்கு அது தலைகீழ்ப் பாடம். எந்த அடியைக் கேட்டாலும் உரையோடு ஒப்பித்துவிடுவார். தினமும் விடிகாலையில் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். எழுந்திருக்கும்போது மனசு உட்கார்ந்தபோது இருந்த மாதிரியே இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, நான் ஊரோட போயிடலாம்னு இருக்கேன்."

"ஏன் புலவரே, சாப்பாடு ஒத்துக்கலையா?"

"நூல்தான் ஒத்துக்கலை. இத்தனை வருஷமா வாசிக்கிறேன். உள்ளே ஒண்ணும் நடக்கலை. எனக்கு மட்டும் ஏன் அது திறக்க மாட்டேங்குது?"

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"போகலாம். பாதையில மண்ணு சரிஞ்சு கிடக்காம். மழை விடட்டும். அதுவரைக்கும் என்கூட லைப்ரரிக்கு வாங்க."

"லைப்ரரிக்கா?"

"மழைக்கால வாசிப்புச் சவால் நடக்குது. நான் பேர் கொடுத்திருக்கேன்."

ஊர் நூலகம் ஆசிரமத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். உள்ளே சுவரில் பெரிய மரம் ஒன்று வரைந்திருந்தது. ஒரு புத்தகம் படித்து முடித்தால், அதன் பேரையும் தன் பேரையும் ஒரு காகித இலையில் எழுதி அந்த மரத்தில் ஒட்ட வேண்டும். மார்கழி பிறக்கும்போது யார் இலை அதிகமோ அவருக்குப் பரிசு. நூலகர் ஜெசிந்தாவின் ஏற்பாடு அது.

புலவர் மரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே யோகாம்பாள், யோகாம்பாள் என்று குருவின் கையெழுத்து. ஒன்று பேய்க்கதை. ஒன்று வைரம் திருட்டுப்போன கதை. இன்னொன்று ஊறுகாய் வகைகள்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, இது ஓட்டப்பந்தயம் மாதிரி இருக்கே. நூலை இப்படியா வாசிக்கிறது?"

"அந்தப் பையன் என்னை முந்தப் பார்க்கிறான்" என்றார் அம்மா, ஓர் இலையைக் காட்டி. பிறகு அலமாரியில் துழாவி, அட்டை நைந்த ஒரு தடித்த நாவலை எடுத்துப் புலவர் கையில் வைத்தார்.

ஊருக்குப் போவது என்ற முடிவு புலவருக்கு அப்போதுதான் உறுதியானது. இருந்தாலும் குரு கொடுத்ததை மறுக்க முடியுமா? அறைக்கு வந்து பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே இரண்டு இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. வட்டமிட்டார். மூன்றாம் பக்கத்திலும் வட்டமிட்டார்.

கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் காவல்காரன் செபஸ்தியான். புயலடித்த ராத்திரியில் விளக்கு அணைந்துபோகிறது, ஆளையும் காணோம். குடித்துவிட்டு ஓடிப்போனான் என்கிறது ஊர். அவன் மனைவி லூர்து மட்டும் நம்பவில்லை.

பென்சில் எப்போது கட்டிலுக்கடியில் உருண்டது என்று புலவருக்குத் தெரியாது. சாப்பாட்டு மணி அடித்தது, அதுவும் காதில் விழவில்லை. யாரோ கதவைத் தட்டி, "புலவரே, ரசம் ஆறுது" என்றார்கள். "இதோ, இதோ" என்றார். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை மூலநூல் விரிக்கப்படாமலே கிடந்தது. புலவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். லூர்து ஒற்றையாய்ப் பாறைமேல் ஏறி, ஆளில்லாத கலங்கரை விளக்கத்தின் இரும்புக் கதவைத் தட்டுகிறாள். மறுபடி தட்டுகிறாள். உள்ளேயிருந்து தாழ் நீங்கும் சத்தம். கதவு திறக்கிறது.

முதல் பாகம் முற்றிற்று.

"அடப்பாவி!" என்று வாய்விட்டுக் கத்தினார் புலவர்.

குடையை மறந்து கிளம்பிவிட்டார். சேறு தெறிக்க அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் யாருக்கு என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றார்கள்.

"இரண்டாம் பாகம்!" என்றார் நூலக வாசலில், மூச்சு வாங்க.

"ஒரே பிரதிதான் சார் இருக்கு, அது அம்மாகிட்ட" என்றார் ஜெசிந்தா. "முதல் பாகம் முடிச்சாச்சா? இந்தாங்க, உங்க இலை."

அந்தக் காகித இலையை வாங்கக்கூட அவர் நிற்கவில்லை. சன்னலோர பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் புத்தகம்.

"அம்மா, கதவைத் திறந்தது யாரு?"

"உஷ்" என்றது நூலகம் மொத்தமும்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கண் மட்டும் பளபளவென்று ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இப்பதானே பிரிச்சேன். தலையைத் துவட்டிக்கிட்டு இப்படி உட்காருங்க."

புலவர் மேல்துண்டால் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் ஒரே புத்தகத்தின்மேல் குனிந்தார்கள். வெளியே மழை வலுத்தது.

"ஆச்சா அம்மா?"

"பொறுங்க. இன்னும் நாலு வரி."

"நான் முடிச்சுட்டேன்."

"உங்களுக்கென்ன, புலவர். நான் நிதானமாத்தான் வருவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! காத்திருந்த நேரத்தில் தன்னையே பார்த்துக்கொண்டார். வேட்டியெல்லாம் சேறு. ஒரு கால் செருப்பைக் காணவில்லை.

"அம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "சாதாரணக் கதை. பக்கத்துக்குப் பக்கம் பிழை வேற. இது எப்படி என்னை இந்த மழையில இழுத்துட்டு வந்தது?"

அம்மா கடைசி வரியை முடித்தார். தாளின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"அடுத்த பக்கத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதே, புலவரே."