முரசறைவோன் மகள்

சற்று நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள். மலை சூழ்ந்த ஒரு நாட்டில், அரசன் ஆணையை முரசடித்து ஊருக்குச் சொல்லும் கொற்றன் என்பவன் இருந்தான். அவன் தெருமுனையில் குரல் கொடுத்தால் கடைசி வீட்டுக் கதவும் திறக்கும். அந்தக் குரல் எட்டாத ஒரே ஆள் அவன் மகள் மயிலி. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேளாது.

கொற்றன் அதை நம்ப மறுத்தான். அவள் காதருகே சங்கு ஊதினான், அவள் அசையவில்லை. மணி அடித்தான்; திரும்பவில்லை. முரசை முழக்கினான்; அவள் அதிர்ந்த தோலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு கத்தத் தொடங்கினான். கண்ணில் நீர் வரும்வரை தினமும் கத்தினான். மயிலிக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் கழுத்து நரம்பு புடைப்பதும், வாய் அகலத் திறப்பதும்தான். கோபம் என்று எண்ணிக் கண்ணை இறுக மூடித் தலை குனிந்துகொள்வாள்.

தாய் வெள்ளைச்சி அழுதது போதும் என்று வேறு வழி பார்த்தாள். மகளோடு கைகளால் பேசினாள். சோறு, மழை, பாம்பு, யானை என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு கையசைவு இருந்தது.

“தெருவில் கையை ஆட்டாதே, ஊர் சிரிக்கும்!” என்று சீறுவான் கொற்றன்.

“சிரித்தால் சிரிக்கட்டும். நீங்களும் ஒரு சொல்லாவது கற்றுக்கொண்டால் என்ன?”

“கற்றுக்கொண்டால், இவளுக்கு இனி கேட்கவே கேட்காது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனாலும் ஓரக்கண் அந்தக் கைகள் மேலேயே இருக்கும். உள்ளுக்குள் பயம் அவனைத் தின்றது. வண்டி வந்தால் இவளுக்கு எப்படித் தெரியும்? பாம்பு சீறினால் எப்படித் தெரியும்? நான் போன பிறகு இவளுக்கு யார்?

ஒரு கோடையில் அரண்மனை யானைக்கு மதம் பிடித்தது. பாகனைத் தூக்கி எறிந்துவிட்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. “எல்லோரும் வீட்டுக்குள் போங்கள்!” என்று முரசடித்தபடி கொற்றன் தெருத்தெருவாக ஓடினான். கதவுகள் படபடவென்று மூடின.

ஏரிக்கரைக்கு வந்ததும் அவன் கால்கள் நின்றுவிட்டன.

வற்றிய ஏரியின் நடுவே மயிலி நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், மறுகரையில், யானை இறங்கிக்கொண்டிருந்தது. அது ஓடவில்லை. நின்று நின்று, காதை விரித்து, சத்தமின்றி வந்தது.

ஓடினாலும் எட்டாத தூரம். மயிலி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

“மயிலி! ஓடு!” என்று அலறினான்.

அவள் கண்ணை மூடித் தலை குனிந்துகொண்டாள். அவன் மேலும் கத்தினான். அவள் மேலும் குனிந்தாள். தன் குரலே மகளை அங்கே கட்டிப்போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கொற்றன் வாயை மூடினான். யானை நெருங்கியது. அவள் கண் திறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவள் கண் திறந்தாள்.

ஒரு கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டு ஆட்டினான். அவள் பின்புறத்தைக் காட்டினான். பிறகு ஏரிக்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்த கல்மதகைக் காட்டி, உள்ளங்கையைக் கீழே அழுத்தினான்: யானை, பின்னால், மதகுக்குள் பதுங்கு!

அப்பாவின் கைகள் அவளிடம் பேசியது அதுவே முதல் முறை. ஒரு கணம் திகைத்தவள், திரும்பிப் பாராமல் ஓடி மதகின் பொந்துக்குள் புகுந்தாள். யானை பொந்துக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவியது. வெளியே எடுத்து மறுபடி துழாவியது. பிறகு சலித்துப்போய்க் கரையேறி, காட்டுப் பக்கம் போய்விட்டது.

கொற்றன் ஓடிப்போய் மகளை வெளியே இழுத்து அணைத்தான். ஊர் கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னிலையிலும் அவன் கைகளால், “பயந்தாயா?” என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். யானை போன திசையைக் காட்டினாள். பிறகு, இதற்கும்தான் என்பதுபோல, மெதுவாக அப்பாவின் வாயைத் தொட்டாள்.

கொற்றன் விம்மி அழுதான். அன்றே வெள்ளைச்சியின் முன் உட்கார்ந்து, “சோற்றுக்குக் கையை எப்படி வைப்பது? சொல்லிக்கொடு” என்றான்.

பயம் அவனை விட்டுப் போய்விடவில்லை. மயிலி வாசல் தாண்டும்போதெல்லாம் தெருவை ஒருமுறை எட்டிப் பார்க்கத்தான் செய்தான். ஆனாலும், பார்த்துப் போய் வா என்று கையால் சொல்லி அனுப்பப் பழகிக்கொண்டான்.

ஆகவே அன்பர்களே, நாம் ஆசைப்பட்ட பிள்ளைக்காக ஏங்கி நிற்காமல், நமக்கு வாய்த்த பிள்ளையின் மொழியைக் கற்றுக்கொள்வதே பெற்றோரின் அன்பு.