காட்டாமல் விட்ட அறை

அந்தக் காலத்தில் நாய்க்குப் பேச்சு வரும். கொஞ்சம் அதிகமாகவே வரும்.

சிட்டாள் என்றொருத்தி கைக்குழந்தையோடும் கருவாயன் என்ற நாயோடும், வெகுநாள் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குக் குடிவந்தாள். பசுவை முதலில் உள்ளே விட்டாள். பால் பொங்க வைத்தாள். கருவாயன் மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாடா."

"மாட்டேன்க்கா. ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு ஆள் மாதிரி நாறுது."

"பெரிய மகாராஜா! இவருக்கு வீட்டைச் சுத்திக் காட்டணுமாக்கும்."

"காட்டுனா வருவேன்."

அன்றைய வழக்கமே அதுதான். நாயை அறை அறையாகக் கூட்டிப்போய், மோந்து பார்க்க விட்டு, 'இது உன் வீடு' என்று சொல்ல வேண்டும். நாய் மோந்த இடத்தில் வேறெதுவும் தங்காது. சிட்டாளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அவளுக்குப் பொறுமை கிடையாது. சாமான் வேறு இன்னும் வண்டியிலேயே கிடந்தது. கூடத்தைக் காட்டினாள், அடுப்படியைக் காட்டினாள், தொழுவத்தைக் காட்டினாள். கருவாயன் படுக்கத் தன் பழைய சேலையை விரித்துப் போட்டாள்.

"அந்தக் கடைசி அறை?"

"அங்க ஒண்ணுமில்லடா. போய்ப் படு."

மறுநாள் உச்சிவெயில். வீடெல்லாம் புழுக்கம். அந்த அறை மட்டும் கிணற்றுக்குள் இறங்கினதுபோல் சில்லென்றிருந்தது. சிட்டாள் தொட்டிலை அங்கே கட்டிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். திரும்பி வந்தால், தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்ட ஆளில்லை. காற்றுமில்லை. பிள்ளையைத் தூக்க ஓடினாள். நிலைப்படியைத் தாண்டக் கால் வரவில்லை.

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. கத்தவில்லை. வீட்டுக்காரர் பேசுவதுபோல் சாவகாசமாகப் பேசியது.

"மத்த அறையெல்லாம் நாய்க்குக் காட்டுன. ஒவ்வொண்ணா விட்டுக் குடுத்துட்டு இங்க வந்து உக்காந்தேன். இதைக் காட்டல. அப்ப இது என்னுது. இங்க கிடக்கிறதும் என்னுது."

"தெரியாமப் பண்ணிட்டேன், எம்புள்ளைய விட்டுடு!"

"தெரிஞ்சுதான் பண்ணுன."



கருவாயன் அவள் காலுக்கிடையில் புகுந்து உள்ளே போனான். வால் ஒடுங்கியிருந்தது. "தொட்டிலுக்கு அடியில நான் மோந்து சுத்துற அளவு இடம் குடு. போதும்."

"பதிலுக்கு?"

"எங்கிட்ட என்ன இருக்கு? வாய்தான் இருக்கு."

"அதைக் குடு. நான் எங்க உக்காந்திருக்கேன்னு நீ யாருக்கும் சொல்லக் கூடாது."

"கருவாயா, வேணாம்டா!"

"நீ சும்மா இரு அக்கா. அந்தப் பழைய சேலைய மட்டும் தூக்கிப் போட்டுடாத" என்றான். அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். தொட்டிலுக்கடியில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தான். தொட்டில் நின்றது. சிட்டாளுக்குக் கால் வந்தது. பாய்ந்து பிள்ளையை வாரினாள். ஒரு பிஞ்சுக் கை மட்டும் சில்லிட்டிருந்தது.

"போயிருச்சாடா அது?"

கருவாயன் வாயைத் திறந்தான். குரைப்புதான் வந்தது. கண் மூலையை விட்டு நகரவில்லை.

அன்று முதல்தான் நாய்க்குப் பேச்சில்லை; மூன்று சுற்றுச் சுற்றாமல் அது படுப்பதுமில்லை. புது வீட்டில் எல்லா மூலையையும் மோந்து பார்க்காமல் அடங்குவதுமில்லை. சில நேரம் வெறும் மூலையைப் பார்த்து உறுமும். "அங்க ஒண்ணுமில்லடா" என்று நாமும் சொல்கிறோம்.